மூன்று வெட்டுக் குச்சி

வண்டி நின்றதும் முதலில் இறங்குவது தொட்டிக்காரிதான். நான் முன்பக்கத்திலிருந்து சுற்றி வந்து டாக்டரம்மாவுக்குக் கதவைத் திறப்பதற்குள், பின்பலகையிலிருந்து குதித்து, வண்டியின் அடிவயிற்றுக்குள் குனிந்து, தொட்டியை விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். டங் டங்கென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று மாறும். அங்கே கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, "இங்கன நிக்கிது" என்பார். சரி, தெரிந்துவிட்டதே, அதோடு விடலாமல்லவா? விடமாட்டார். பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்து மூடியைத் திருகித் திறந்து, மூங்கில் குச்சியை அடி தட்டும்வரை விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தட்டிக் கேட்டதும் குச்சி காட்டியதும் ஒத்துப் போனால்தான் அவருக்கு மனசு ஆறும்.

'அவர்' என்று எழுதுகிறேன். அந்தக் காலத்தில் அவளே, இவளே, ஏ இந்தா என்றுதான் பேசினேன். நான் நிலபுலம் உள்ள சம்சாரி வீட்டுப் பிள்ளை, அதிலும் மோட்டார் ஓட்டத் தெரிந்தவன், வயசு இருபத்தாறு. அவருக்கு நாற்பது இருக்கும். கக்கூஸ் தொட்டி அள்ளுகிற வேலைக்கு அன்றைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் கூப்பிடுவார்களோ, சின்னமனூரில் அந்தத் தெருவிலிருந்து வந்தவர். இப்போது எழுதும்போதாவது மரியாதை போட்டுக்கொள்கிறேன். பேனாவுக்கு என்ன நஷ்டம்?

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. பட்டணத்திலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா பெரியகுளம் தொடங்கிக் கூடலூர் வரைக்கும் ஊர் ஊராகப் போய் பேதிக்கு ஊசி போடுவார், பிரசவம் பார்ப்பார். போகிற ஊரில் எல்லாம் தங்க இடம் கிடைக்காது. இடம் கிடைத்தாலும் கக்கூஸ் கிடைக்காது. ஆகையால் ஒரு லாரியின் மேல் மரத்தில் வீடு மாதிரியே கட்டியிருந்தார்கள். உள்ளே கட்டில், மருந்து அலமாரி, கை கழுவும் பீங்கான், குளிக்க ஒரு மூலை, திரைக்குப் பின்னால் கக்கூஸ். சனங்கள் அதை வீட்டு வண்டி என்றார்கள். வீட்டு வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டி. குளித்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் போவது வெறும் தகரத் தொட்டி. மற்றது போவது உள்ளும் புறமும் தார் பூசிய தொட்டி. மேலே டாக்டரம்மாவின் தலையணை உறை மல்லிகைப்பூ மாதிரி வெளுத்திருக்கும். அது அப்படி இருப்பதற்குக் கீழே ஒருத்தி குனிந்தபடியே இருக்க வேண்டியிருந்தது.

அவர் வருவதற்கு முன்னால் ஓர் ஆள் இருந்தான், சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். ஒரு மாசம் போல அந்தத் தொட்டிகள் என் தலையில் விழுந்தன. தொடுவேனா நான்? டாக்டரம்மா கேட்கும்போதெல்லாம், "இன்னும் ரெண்டு நாளு தாங்கும்மா" என்று வாயாலேயே அளந்துகொண்டிருந்தேன். பெரியகுளத்தில் ஓர் அதிகாரி வீட்டம்மாள் வண்டியைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு ஏறினார். மாந்தோப்பு வளைவில் ஓர் எருமை குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். தகரத் தொட்டியில் தளும்பிக்கொண்டிருந்த அத்தனை தண்ணீரும் குளிக்கிற மூலை ஓட்டை வழியாகக் கொப்பளித்து ஏறி, அந்தம்மாள் பட்டுச்சேலையை முழங்கால்வரை நனைத்துவிட்டது. நல்ல வேளை, தகரத் தொட்டி. தார்த் தொட்டியாக இருந்திருந்தால் என் பிழைப்பு அன்றைக்கே சந்தி சிரித்திருக்கும்.

அடுத்த வாரம் சின்னமனூரில் அவர் ஏறினார். ஏறினார் என்றால் உள்ளே இல்லை. பின்னால் வெளியே நீட்டியிருந்த படிப்பலகைதான் அவருக்கு இடம். கம்பம் ரோட்டுப் புழுதி அத்தனையும் அவர் தலையில்தான். ஒரு மண்வெட்டியும் ஒரு சாக்குச் சாம்பலும் கேட்டார். மூங்கில் குச்சி அவரே வெட்டிக்கொண்டது. முதல் நாள் தொட்டியில் ஒரு குடம் ஒரு குடமாகத் தண்ணீர் ஊற்றி, எண்ணி எண்ணிக் குச்சியில் மூன்று வெட்டுப் போட்டார். கால், அரை, முக்கால். அரை நாள் ஆயிற்று. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே, "ஏ, பாயசத்துக்கா பதம் பாக்குற? கண்ணால பாத்தாத் தெரியாதா?" என்று கிண்டல் செய்தேன்.

"கண்ணு பொய் சொல்லும் சாமி. மூக்கு பழகிப்போகும். குச்சிதேன் நெசம்" என்றார்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. அந்தம்மாவிடம் இது போலச் சொலவடை நாலைந்து இருந்தது, எல்லாம் தொட்டியைப் பற்றித்தான். ஒன்றை அடிக்கடி சொல்வார்: "நெறஞ்சா அது சொல்லாது சாமி. நாமதேன் கேக்கணும்." ஒரு நாளைக்கு மூன்று தடவை கேட்பார். காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று.

தார்த் தொட்டியை முக்கால் வெட்டு வராமல் திறக்கவே கூடாது என்பது அவர் சட்டம். பாதியில் திறந்தால் தண்ணீர் ஓடிவிடும், மற்றது அடியிலேயே தங்கி இறுகிப்போகும். முக்காலுக்கு மேலே போனால் பள்ளம் மேட்டில் மேலே அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். முதலில் தார்த் தொட்டி, அது வடிந்த பிறகு அதே குழாயில் தகரத் தொட்டித் தண்ணீர், குழாயை அதுவே கழுவிக்கொண்டு போகும். கொட்டி முடித்ததும் தார்த் தொட்டிக்குள் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி மூடுவார். காலி வயிற்றோடு விடக்கூடாது என்பார். கோயில் பூசாரிகூட இத்தனை ஒழுங்காக முறை வைத்துச் செய்து நான் பார்த்ததில்லை.

குச்சி வேறு சங்கதியும் சொல்லும் அவருக்கு. ஒரு தடவை தேவாரத்தில் இருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டைவர் சாமி, அம்மாவுக்கு வயிறு சரியில்ல. மூணு நாளா வெட்டு வெரசா ஏறுது. ஊருக்கெல்லாம் மருந்து குடுக்காக, தனக்குப் பாக்க மாட்டேங்காக. நீங்க சொல்லுங்க." நான் எப்படிச் சொல்வது இதை? வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் அவரே வண்டிக்கு வெளியே நின்று, சன்னல் பக்கம் பார்க்காமல், "அம்மா, கஞ்சி மட்டும் குடிங்கம்மா" என்றார். உள்ளே டாக்டரம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. "குச்சி சொல்லிடுச்சா உனக்கு?" என்றார். அன்றைக்குக் கஞ்சிதான் குடித்தார்.

இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்ததா? இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எரிச்சலாக இருந்தது. தொட்டியைக் கொட்டுவதென்றால் அந்தம்மா முதலில் ஊரை விசாரிப்பார். கிணறு எந்தப் பக்கம், நிலம் எங்கே சாய்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எப்படி ஓடும், எல்லாம் கேட்பார். மேட்டில் ஆள் நடமாட்டமில்லாத தரிசாகப் பார்த்து, இடுப்பளவு குழி வெட்டி, கொட்டி, சாம்பல் தூவி, மண் தள்ளி, மேலே முள்ளை வெட்டிப் போட்ட பிறகுதான் கையைக் கழுவுவார். அதற்காக என்னை மைல் கணக்கில் வண்டி ஓட்ட வைப்பார். என் மதியச் சோறு ஆறிப்போகும்.

அதைவிட எரிச்சல், மடைக்காரரிடம் போய் நிற்பதுதான். எங்கள் பள்ளத்தாக்கில் கோடை தொடங்கிவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இத்தனை நாள் இந்த ஊருக்கு, இத்தனை நாள் அந்த ஊருக்கு. முறை முடிந்ததும் மேலே மடையை அடைத்துவிடுவார்கள். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் அப்படியே குட்டையாக நின்றுபோகும். மடையைத் திறந்து அடைப்பவர் மடைக்காரர். அவர் இந்தம்மாவோடு பேசுவாரா? இருபதடி தள்ளி நின்று, "சாமி, இன்னைக்கு மொறை ஆருக்கு? என்னைக்கு அடைப்பாக?" என்று இவர் கேட்பார். அவர் காதில் விழாத மாதிரி மண்வெட்டியைத் தோளில் மாற்றிப் போடுவார். இவர் மறுபடியும் கேட்பார். மூன்றாம் தடவை அவர் வேறு யாருக்கோ சொல்கிற மாதிரி ஆகாயத்தைப் பார்த்துச் சொல்வார். இவர் கும்பிட்டுவிட்டு வருவார்.

"நீதான் வாய்க்கால்ல கொட்டப் போறதில்லையே, அப்பறம் எதுக்கு இந்த விசாரண?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தப்பித் தவறி ஒழுகுனா எங்கன போய் நிக்கும்னு தெரிய வேணாமா சாமி?"

எனக்குத் தெரியாதா வாய்க்காலைப் பற்றி? நான் பிறந்து வளர்ந்தது வாய்க்கால் கரையில். இவள் யார் எனக்குச் சொல்ல? இப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பின் கூலியைத்தான் நான் இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை, பங்குனி மாசம். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் வண்டி நின்றது. ஞாயிற்றுக்கிழமை அங்கே எல்லோருக்கும் ஊசி போடுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மலையடிவாரக் குடிசைகளிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். தலைச்சன் பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது. டாக்டரம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். துணி அலச, தண்ணீர் காய்ச்ச ஆள் வேண்டுமென்று தொட்டிக்காரியையும் கூட்டிப் போனார். "டிரைவர், வண்டி இங்கேயே இருக்கட்டும். எடுக்காதே" என்று எனக்குச் சொன்னார். மாட்டு வண்டிக்குப் பின்னால் ஓடியபடியே அந்தம்மா திரும்பிப் பார்த்து, "டைவர் சாமி, தார்த் தொட்டி ரெண்டாம் வெட்டுலதேன் நிக்கிது. தொட வேணாம். நான் வந்து பாத்துக்கிடுறேன்" என்று கத்தினார்.

அன்றைக்குக் கம்பத்தில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். மடியில் வைத்துக் காது குத்த வேண்டியவன். டாக்டரம்மா லீவு தரவில்லை என்று இரண்டு நாளாகக் குமைந்துகொண்டிருந்தேன். இப்போது வண்டி கையில், கேட்க ஆளில்லை. பஸ்ஸில் போயிருக்கலாம். எனக்கு வீட்டு வண்டியிலேயே போய் இறங்க வேண்டும். மச்சான் வீட்டார் முன்னால், கம்பம் தெருவில், வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்த தாய்மாமன்! அந்த ஆசை வந்துவிட்டது. ஒரே ஓர் இடைஞ்சல். பங்குனி வெயிலில் தார்த் தொட்டி நாறும். சீர்த்தட்டோடு இறங்கும்போது சம்பந்தக்காரர்கள் மூக்கைப் பொத்தினால் என் மானம் என்னாவது?

ஊரிலிருந்து அரை மைல் மேலே வாய்க்கால் பாலம். பாலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். கீழே தண்ணீர் சலசலவென்று நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீருக்குத் தீட்டேது? எங்கள் ஐயா காலத்துப் பேச்சு அது. தார்த் தொட்டிக் குழாயின் திருகை ஒரு துணியால் பிடித்துத் திறந்துவிட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. திருகை அடைத்தேன், துணியைத் தூர எறிந்தேன், போய்விட்டேன்.

காதுகுத்து நன்றாகத்தான் நடந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. "மாப்ள வீட்டையே கெளப்பிட்டு வந்துட்டாரப்பா!" என்று மச்சான் வாயாரச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன், கிடைத்தது. மூன்று மணிக்கெல்லாம் புளியந்தோப்புக்குத் திரும்பி, சக்கரத் தடத்தை வேப்பங்குழையால் கூட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் மாட்டு வண்டி திரும்பியது. தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள் என்று டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பு. அப்படியே போய்ப் படுத்துவிட்டார். அந்தம்மா நாள் முழுக்க வேலை செய்த அலுப்போடு நேராகத் தொட்டிக்குப் போனார். டங், டங், டங் என்று தட்டினார். மொத் சத்தம் வரவில்லை. குச்சியை விட்டு எடுத்தார். நுனியில் மட்டும் கெட்டியாக அப்பியிருந்ததைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஆரு சாமி தொறந்தது?"

"எத?"

"தண்ணி பூராம் போயிருச்சு. மத்தது அடியில அப்பிடியே கெடக்கு. தெரியாதவுகதேன் தொறந்திருக்காக."

மறைத்துப் பிரயோசனமில்லை. "நான்தேன். நாறுச்சு, தொறந்துவிட்டேன். அதுக்கு என்ன இப்ப?"

"எங்கன விட்டீக?"

"பாலத்துல. ஓடுற தண்ணிதான?"

"மடைக்காரரக் கேட்டீகளா?"

"அந்தாள எதுக்குக் கேக்கணும்?"

அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். "அய்யோ சாமி, இன்னைக்குக் காலையோட இந்த ஊரு மொறை முடியுதுன்னு நேத்தே கேட்டு வச்சிருந்தேனே! நீங்க தொறந்த கையோட மேமடைய அடைச்சிருப்பாகளே. தண்ணி ஓடியிருக்காது. ஊருப் படித்துறையில போயி நின்னுருக்கும்."

அந்த ஊர்ப் பெண்கள் குடிக்க எடுப்பதும் அந்தப் படித்துறையில்தான்.

"வாங்க சாமி, போயிச் சொல்லிருவோம். பொம்பளைக தண்ணிக்கு வர்ற நேரம்" என்று எழுந்தார்.

"வாய மூடிட்டுக் கெட. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரு பொழப்பும் போச்சு" என்றேன். ரெண்டு பேரு என்றேன். செய்தவன் நான் ஒருத்தன். மிரட்டும்போது அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஊரைப் பார்த்து ஓடினார். நாற்பது வயசுப் பொம்பளை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் குச்சியோடு. நான் பின்னாலேயே போயிருக்கலாம். வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது நெற்றியில் மண்கட்டி பட்ட காயம் இருந்தது. படித்துறைக்கு எட்ட நின்று, "ஆத்தா, ஆரும் எறங்காதீக, எங்க தொட்டித் தண்ணி விழுந்திருச்சு, எடுத்த தண்ணியக் கொட்டிருங்க" என்று கத்தியிருக்கிறார். யார் திறந்தது என்று சொல்லவில்லை. சொல்ல வந்தது இவர், கையில் தொட்டிக் குச்சி. வேறு யாரைத் தேட வேண்டும் அவர்களுக்கு?

மறுநாள் காலையில் ஊர் நாட்டாமை இருபது பேரோடு வந்து வண்டியை மறித்துக்கொண்டு நின்றார். "டாக்டரம்மா, உங்க மேல எங்களுக்கு வருத்தமில்ல. எங்க குடிதண்ணியில கொண்டாந்து விட்டவள இந்த வண்டியில வச்சுக்கிட்டு எங்க பிள்ளைகளுக்கு ஊசி போட வேணாம். அவள அனுப்புங்க. அனுப்புனா நாளைக்கு ஊரே வந்து கைய நீட்டும்" என்றார்.

டாக்டரம்மா திரும்பி, "நீயா திறந்தே?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நான் உங்க கூடத்தான வந்தேன்" என்றார் அவர்.

"பின்ன ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?" என்று நாட்டாமை அதட்டினார்.

"குச்சி வச்சுப் பாத்தேன். தெரிஞ்சுச்சு." நாட்டாமையோடு வந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்தம்மா என் பக்கம் கையைக் காட்டினார். "டைவர் சாமியக் கேளுங்க. அவுக வண்டிகிட்டத்தேன் இருந்தாக."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டே வார்த்தை, நான்தேன் தொறந்தேன். சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், நாலு அடி விழுந்திருக்கும், அதோடு தீர்ந்திருக்கும்.

"எனக்கென்ன தெரியும்? தொட்டி அவ வேல. கெளம்புறதுக்கு முந்தி காலங்காத்தால தொறந்துவிட்டுட்டுப் போயிருப்பா" என்றேன்.

இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. தெரியாது என்பதோடு நிறுத்தினேனா? அவர் தலையில் பழியைத் தூக்கி வைத்துத்தான் நிறுத்தினேன். டாக்டரம்மா முந்தின நாள் விடியற்காலை மாட்டு வண்டி வந்ததிலிருந்து அவரைக் கூடவே வைத்திருந்தவர். பாலம் அரை மைல் தள்ளி. வண்டி இல்லாமல் தொட்டி பாலத்துக்கு நடந்தா போகும்? நான் சொன்னது பொய் என்று தெரிய ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார், மறுநாளைக்கு எடுத்து வைத்திருந்த ஊசிகளைப் பார்த்தார், நாட்டாமைக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். என்னிடம் அதற்குமேல் ஒன்றுமே கேட்காமல், அனுப்பிவிடுகிறேன் என்று நாட்டாமையிடம் சொன்னார்.

அனுப்புவதற்கு முன்னால் வாய்க்காலைச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். நின்ற தண்ணீரைத் தரிசுப் பக்கம் வடித்துவிட்டு, சேற்றை அள்ள அவரை இறக்கினார்கள். அந்தத் தெரு ஆள் காலை வைக்கக் கூடாத படித்துறை அது. அன்றைக்கு மட்டும் வைக்கலாம் என்றானது. உச்சி வெயிலில் ஊரே கரையில் நின்று பார்த்தது. நானும் நின்றேன். கூடை கூடையாக அள்ளி, கரையேற்றி, தூரக் கொண்டுபோய்க் குழியில் கொட்டி, சாம்பல் தூவினார். மறு முறை வருகிற முதல் தண்ணீரை யாரும் எடுக்க வேண்டாம், ஒரு பொழுது ஓடவிட்டு எடுங்கள் என்று மடைக்காரரிடம் சொன்னார். மடைக்காரர் அன்றைக்கு ஆகாயத்தைப் பார்க்கவில்லை. "சரி" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

சாயங்காலம் துணி மூட்டையோடு கிளம்பினார். டாக்டரம்மா வண்டிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அந்தம்மா என் பக்கத்தில் வந்து குச்சியை வண்டி மேல் சாய்த்து வைத்தார்.

"அம்மாவ நான் குத்தஞ் சொல்லல. டைவர் இல்லாட்டி வண்டி நிக்கும். தொட்டிக்காரி இல்லாட்டி நாறத்தேன செய்யும்" என்றார்.

என்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நின்றேன். வைதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"குச்சிய எடுத்துக்கிட்டுப் போ. உன்னிதுதான?" என்றேன்.

"இது இந்தத் தொட்டிக்கு அளந்து வெட்டுனது. வேற தொட்டிக்குச் சேராது" என்று சொல்லிவிட்டு, ரோட்டோரமாக வடக்கே நடந்தார். சின்னமனூர் அங்கிருந்து பத்து மைலுக்குக் குறையாது. வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று என் வாயில் வரவில்லை.

மறுநாள் ஊரே வந்து கையை நீட்டியது. அந்த வருஷம் அங்கே பேதி வரவில்லை. ஊசியால்தான் என்றார் டாக்டரம்மா. படித்துறைக்கு ஓடிப்போய்க் கத்தியதும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

வேறு ஆள் கிடைக்கவில்லை. தொட்டிகள் மறுபடியும் என் தலையில் விழுந்தன. அடியில் நான் இறுகவிட்டதை நான்தான் பத்து நாள் கம்பி விட்டுக் கிளற வேண்டியிருந்தது. காலை, உச்சி, விளக்கு வைக்கும் நேரம் என்று குச்சி விட்டேன். மடைக்காரர்களைத் தேடிப் போய் முறை கேட்டேன். எனக்கு எல்லோரும் முதல் தடவையே பதில் சொன்னார்கள்.

யுத்தம் வந்தது, பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது, வண்டியை விற்றார்கள். டாக்டரம்மா பட்டணத்துக்கே திரும்பினார். மதுரையில் ரயில் ஏற்றிவிடப் போனேன். ஏறி உட்கார்ந்த பிறகு, "அந்தப் பொம்பளைய அனுப்பியிருக்கக் கூடாதுப்பா" என்றார். "ஆமாம்மா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவரும் சன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் கிளம்பியது.

அந்த வாரமே சின்னமனூருக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். காலில் விழுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன். அந்த ஊருக்கும் அவரைக் கூட்டிப் போய், நாட்டாமை முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கையில் குச்சியையும் எடுத்துப் போயிருந்தேன். அந்தத் தெருவுக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை. என்னைக் கண்டதும் கட்டிலில் இருந்த ஒரு கிழவர் பதறி எழுந்தார்.

"இருங்க, இருங்க. ஒருத்தரத் தேடி வந்தேன். டாக்டரம்மா வண்டியில தொட்டி வேல பாத்தாக. இந்தக் குச்சி அவுக வெட்டுனது" என்றேன்.

"இங்கன எல்லாரும் தொட்டி வேலதேன் பாக்குறாக சாமி. கூடலூருக்குப் போனவுக இருக்காக, ஏலத் தோட்டத்துக்கு மலையேறிப் போனவுக இருக்காக. பேரச் சொல்லுங்க."

நான் குச்சியைப் பார்த்தேன். மூன்று வெட்டு. "ஒசரமா இருப்பாக. நாப்பது, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும்" என்றேன்.

"பேரு தெரியாமயா தேடி வந்தீக?" கிழவருக்கு நம்ப முடியவில்லை. "எம்புட்டு நாளு பழக்கம்?"

"ஒன்றர வருசம். ஒரே வண்டியில."

"ஒன்றர வருசத்துல ஒருக்காக்கூடப் பேரு கேக்கலையா சாமி?"

கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.